சித்திரை வெயிலைத் தாங்குற மீன் எது?
வீட்டு அக்வாபோனிக்ஸுக்கு மீன் தேர்வு: ஒரு பாடம்

"அண்ணே, எந்த மீன் சீக்கிரம் வளரும்?"

வீட்டில் அக்வாபோனிக்ஸ் போட நினைக்கிற நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான். அடுத்தது, "எதுக்கு நல்ல விலை கிடைக்கும்?" இரண்டும் நியாயமான கேள்விதான். ஆனால் திருவண்ணாமலை மாதிரி ஊரில் இந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில், ஊரே தூங்குகிற நேரத்தில், கரண்ட் போய் மூணு மணி நேரம் வரவில்லை என்றால் எந்த மீன் காலையில் உயிரோடு இருக்கும்?

மீன் தேர்வை இந்தக் கேள்வியில் இருந்து தொடங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மலைக்குப் பக்கத்தில் என் வீட்டில் 1000 லிட்டர் தொட்டியும், அதன் தண்ணீரில் வளரும் கீரைப் பாத்திகளும் வைத்திருக்கிறேன். பக்கத்து ஊர்களில் சிலருக்கு அமைத்தும் கொடுத்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதையும் படித்ததையும் சேர்த்து, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு பாடமாக எழுதுகிறேன்.

முறை என்ன?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொட்டியில் மீன் இருக்கிறது. தீவனம் தின்று கழிவு விடுகிறது. அந்தக் கழிவில் அம்மோனியா இருக்கிறது. அது மீனுக்கு விஷம். சின்ன மோட்டார் அந்தத் தண்ணீரை ஜல்லி நிரப்பிய பாத்திக்கு ஏற்றுகிறது. ஜல்லியில் ஒட்டி வாழ்கிற நுண்ணுயிர்கள் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்கிறது. சுத்தமான தண்ணீர் திரும்பத் தொட்டிக்கு வருகிறது.

நமக்கு இது புதிய தத்துவம் இல்லை. ஏரி வண்டலை வயலுக்கு அடித்த ஊர் நம்ம ஊர். நெல் வயலிலேயே மீன் விட்டவர்களும் நம்மில் உண்டு. அங்கே ஏரியும் வயலும் செய்த வேலையை இங்கே ஒரு தொட்டியும் பாத்தியும் செய்கின்றன. ஒரே வித்தியாசம், ஏரி பெரியது, தப்பு நடந்தால் தாங்கும். 1000 லிட்டர் தொட்டி தாங்காது. அதனால்தான் மீன் தேர்வில் இவ்வளவு கவனம் வேண்டியிருக்கிறது.

வெயில் என்ன செய்கிறது?

வெயில் தொட்டிக்குள் இரண்டு வழியில் அடிக்கிறது.

முதலாவது, உயிர்வளி. தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 25 டிகிரியில் 8.3, 30 டிகிரியில் 7.6, 35 டிகிரியில் 7 தான். இன்னொரு பக்கம், சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். வரவு குறையும்போது செலவு ஏறுகிறது.

இரண்டாவது, அம்மோனியா. தண்ணீரில் உள்ள அம்மோனியா முழுவதும் விஷம் இல்லை. ஒரு பங்குதான் விஷ வடிவில் இருக்கும். அந்தப் பங்கை முடிவு செய்வது சூடும் காரத்தன்மையும். 30 டிகிரியில் பி.எச். 7 இருந்தால் 100-ல் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. அதே சூட்டில் பி.எச். 8 ஆனால் 100-ல் 7 பங்குக்கு மேல் போய்விடும். ஒரே அளவு கழிவு, ஒரே அளவு தீவனம், ஆனால் விஷம் ஒன்பது மடங்கு! நம்ம பக்கம் பாறைக்குள் இறங்கிய போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் காரமும் கலந்த கடின நீர். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடுகிற தண்ணீர் என்றால் பி.எச். 8-ஐ ஒட்டி இருக்க வாய்ப்பு அதிகம். எனவே மழைநீரைச் சேமித்து வைத்துக் கலப்பது நல்லது. நகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒருநாள் திறந்த தொட்டியில் வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

கரண்ட் போனால் எத்தனை மணி நேரம்?

கணக்குப் போட்டுப் பாருங்க. 1000 லிட்டர் தொட்டி, தண்ணீர் 32 டிகிரி. அதில் லிட்டருக்கு 7 மில்லிகிராம் என்று வைத்தால் மொத்தம் 7 கிராம் ஆக்சிஜன் இருக்கிறது. செவுள் வழியாக மட்டும் மூச்சு விடுகிற மீன்களுக்கு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் திணறல்தான். ஆக, செலவு செய்யக் கிடைப்பது 4 கிராம். ஒரு கிலோ மீன் மணிக்குச் சுமார் 300 மில்லிகிராம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

6 கிலோ மீன் இருந்தால் மணிக்கு 1.8 கிராம், இரண்டு மணி நேரம் ஓடும். 15 கிலோ இருந்தால் மணிக்கு 4.5 கிராம்; ஒரு மணி நேரம்கூட ஓடாது.

இது ஒரு மதிப்பீடுதான். மேல்பரப்பில் இருந்து கொஞ்சம் காற்று கரையும். கழிவும் நுண்ணுயிரும் கொஞ்சம் தின்றுவிடும். ஆனால் கணக்கு சொல்லும் பாடம் மாறாது. மீன் எந்த இனம் என்பதோடு, எத்தனை கிலோ என்பதும் சேர்ந்துதான் அந்த இரவில் உயிரைத் தீர்மானிக்கிறது. அதனால் எந்த மீன் வாங்கினாலும் பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்றைத் தொட்டியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

இனி மீன்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஜிலேபி (திலாப்பியா)

உலகம் முழுக்க அக்வாபோனிக்ஸ் என்றாலே திலாப்பியாதான். கரீபியக் கடலில் உள்ள வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராக்கோசியும் அவர் குழுவினரும் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய வெப்ப நாட்டு முறையும் இந்த மீனை வைத்துத்தான். காரணம் எளிது. 27 முதல் 30 டிகிரியில் நன்றாக வளரும். 36 டிகிரி வரைக்கும் சமாளிக்கும். உப்புத் தண்ணீர், கலங்கல், நெருக்கம் எல்லாம் தாங்கும். தீவனம், அசோலா, கீரைத் தழை எது போட்டாலும் தின்னும்.

நம்ம ஊர் ஏரிகளில் கிடைக்கிற கறுத்த, குட்டை ஜிலேபி வேறு. இப்போது பேசப்படும் கிஃப்ட் திலாப்பியா வேறு. ஏரி ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் இனம். மூணு மாதத்திலேயே குஞ்சு பொரிக்கத் தொடங்கி, தொட்டி முழுக்க விரல் நீளத்தில் கூட்டமாக நிற்கும். வளர்ச்சி இருக்காது. அதைத் தொட்டியில் விட வேண்டாம்.

கிஃப்ட் என்பது நைல் திலாப்பியாவில் இருந்து வந்தது. 1988-ல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய திட்டத்தில், ஆப்பிரிக்காவின் நான்கு காட்டு இனங்களையும் ஆசியாவின் நான்கு பண்ணை இனங்களையும் கலந்து, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து உருவாக்கினார்கள். "இது மரபணு மாற்று மீன்தானே?" என்று நம் இயக்க நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். இல்லை. நல்ல கதிரைப் பொறுக்கி விதைக்கு வைக்கிற நம்ம வேலையைத்தான் மீனில் செய்திருக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில், தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையத்தில் கிஃப்ட் குஞ்சு உற்பத்தி செய்கிறார்கள்.

ஆனால் இயற்கை உழவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் வேறு ஒன்று. ஆண் மீன் மட்டுமே வளர்ந்தால் இனப்பெருக்கம் இருக்காது, வளர்ச்சி கூடும். அதற்காகப் பொரித்த குஞ்சுகளுக்கு முதல் மூணு, நாலு வாரம் ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக்குவது உலகெங்கும் வழக்கம். 'ஒற்றைப்பால் குஞ்சு', 'மோனோசெக்ஸ்' என்று விற்பது பெரும்பாலும் இப்படித்தான். வாங்கும்போது எப்படி ஒற்றைப்பால் ஆக்கினார்கள் என்று கேளுங்கள். அது வேண்டாம் என்றால் கலப்புக் குஞ்சு வாங்கி, கைவிரல் நீளத்துக்கு மேல் வளர்ந்ததும் அடிவயிற்றுத் துளையைப் பார்த்து ஆண், பெண் பிரிக்கலாம். ஆணுக்கு இரண்டு துளை, பெண்ணுக்கு மூணு. பழகினால் கண்ணுக்குத் தெரியும். பெண்ணைச் சீக்கிரம் குழம்புக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, திலாப்பியா வளர்க்க மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும். உங்கள் பகுதிக்கான மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஏன் இந்தக் கட்டுப்பாடு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பனையேறிக் கெண்டை

என் கணக்கில், நம்ம வெயிலுக்கும் நம்ம கரண்டுக்கும் பொருத்தமான நாட்டு மீன் இதுதான். குஞ்சு வியாபாரிகள் 'அனபாஸ்' என்பார்கள். சிலர் வங்காளிப் பெயரில் 'கோய்' என்பார்கள். அதை அழகு மீனான கொய் கார்ப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதற்குச் செவுளோடு, தலைக்குள் காற்றை மூச்சாக எடுக்கும் தனி உறுப்பும் உண்டு. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டுப் போகும். குளம் வற்றினால் ஈரத்தில் நடந்து அடுத்த குளத்துக்குப் போகும். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, பனை மரப் பட்டையின் பிளவில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதியது 1797-ல் அச்சானது. மரம் ஏறுவது உண்மையா என்று அன்று முதல் வாதம் நடக்கிறது. தொட்டிச் சுவர் ஏறும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் மழை அன்று வலை மூடாத தொட்டியில் இருந்து வெளியே கிடக்கும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். மெதுவாகத்தான் வளரும். எட்டு மாதத்தில் 80, 100 கிராம் வந்தால் மகிழ்ச்சி. முள் உண்டு. எடையைப் பார்த்து வளர்ப்பவருக்கு ஆகாது. ஆனால் குழம்பில் போட்டால் ருசி தனி. உயிரோடே விற்கலாம் என்பதால் ஐஸ் செலவும் இல்லை.

இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாணாவது காற்று இடைவெளி இருக்க வேண்டும். மேலே வந்து மூச்சு விட வழி இல்லாவிட்டால் இந்த மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துவிடும். இரண்டாவது இன்னும் முக்கியம். கரண்ட் போனால் மீன் பிழைக்கும். ஆனால் ஜல்லியில் இருக்கிற நுண்ணுயிருக்குக் காற்று குடிக்கத் தெரியாது. அதற்கு ஆக்சிஜன் தண்ணீரில்தான் வர வேண்டும். 'காத்து மீன்தானே' என்று மோட்டாரை நாள்கணக்கில் நிறுத்திவிட்டால் பாத்தி அழுகி, அம்மோனியா ஏறி, செடியும் போய் மீனும் போகும்.

விராலும் குறவையும்

விராலும் காற்று மீன்தான். சூடு தாங்கும், சந்தையில் விலைக்குக் குறைவில்லை. அதனால் பலருக்கும் ஆசை. ஆனால் விரால் ஊன் தின்னி. ஒரே வயதுக் குஞ்சில்கூடப் பெரியது சின்னதை விழுங்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவு பிரித்துத் தனித்தனித் தொட்டியில் விட வேண்டும். தீவனத்துக்குப் பழக்கிய குஞ்சாகப் பார்த்து வாங்க வேண்டும். ஏரியில் பிடித்த குஞ்சு குருணைத் தீவனத்தைத் திரும்பிப் பார்க்காது. புரதம் அதிகமான தீவனம் என்பதால் கழிவில் அம்மோனியாவும் அதிகம். தொட்டி ஒன்றுதான் என்றால் விரால் வேண்டாம். பண்ணைக்குட்டை வைத்திருக்கிற உழவர்கள் தாராளமாக முயலலாம். விராலைவிடச் சின்னதான குறவைக்கும் இதே குணம்தான்.

கட்லா, ரோகு, சாதாக் கெண்டை

சாத்தனூர் அணையில் வறுத்த மீன் தின்றுவிட்டு வருகிற நண்பர்கள், "இதையே வீட்டில் விடலாமா?" என்பார்கள். கட்லா மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர் உணவை வடிகட்டித் தின்று வளர்கிற மீன். அக்வாபோனிக்ஸ் தண்ணீர் தெளிந்த தண்ணீர்; அதற்கு அங்கே சாப்பாடே இல்லை. ரோகு குருணை தின்னும், ஆனால் நீந்த இடம் வேண்டும், ஆக்சிஜன் குறைந்தால் முதலில் மிதப்பது அதுதான். இவை குளத்து மீன்கள். குளத்திலேயே இருக்கட்டும்.

சாதாக் கெண்டை கொஞ்சம் பரவாயில்லை. குருணை தின்னும், நெருக்கம் தாங்கும். ஆனால் 34 டிகிரிக்கு மேல் அதற்கு ஆபத்து. நல்ல நிழலில், பாதி மண்ணுக்குள் இறக்கிய பெரிய தொட்டி என்றால் யோசிக்கலாம்.

பங்கேசியஸ்

சூடு தாங்கும், காற்றும் குடிக்கும், தொட்டியில் குஞ்சு பொரிக்காது, ஒரு வருடத்தில் கிலோவைத் தாண்டும். ஆனால் பயந்த சுபாவம். நிழல் ஆடினால்கூடப் பாய்ந்து சுவரில் முட்டிக்கொள்ளும். 1000 லிட்டரில் கிலோ மீன் என்பது கட்டில் அறையில் யானை கட்டுகிற கதை. 3000, 4000 லிட்டர் இருந்தால் பார்க்கலாம். இதுவும் வெளிநாட்டு மீன், அனுமதி கேட்டுத்தான் விட வேண்டும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி

சாக்கடையிலும் வளரும், கறிக்கடைக் கழிவு போட்டால் போதும் என்று சொல்லி விற்பார்கள். இந்தியாவில் இதை வளர்க்கத் தடை இருக்கிறது. 'தேளி', 'நாட்டுக் கெளுத்தி' என்ற பெயரில் வந்தாலும் தெரியாத இடத்தில் கெளுத்திக் குஞ்சு வாங்காதீர்கள்.

மீன் சாப்பிடாத வீடுகளுக்கு

கோயில் ஊர் இது. மீன் சமைக்காத வீடுகள் நிறைய. "எங்களுக்குக் கீரை மட்டும் போதும், மீனை வெட்டக் கூடாது" என்பவர்களும் இந்த முறையைச் செய்யலாம். கீரைக்குத் தேவை மீனின் கழிவு. அது அழகு மீனில் இருந்தும் வரும்.

கோல்டு ஃபிஷ் வேண்டாம். அது குளிர்ந்த தண்ணீரை விரும்பும், சித்திரையில் வாடும். கொய் கார்ப் நிழலும் காற்றும் இருந்தால் நிற்கும், பல வருடம் வாழும். ஆனால் பெரிதாகும், எனவே 1000 லிட்டருக்கு ஐந்தாறு போதும். சின்னத் தொட்டிக்குக் கப்பி நல்லது. சூடு தாங்கும், கொசுப் புழுவைத் தின்னும். சென்னை கொளத்தூர் பக்கம் அழகு மீன் வளர்ப்புக்கே பேர் போன இடம். நம்ம ஊர்க் கடைகளிலும் கிடைக்கும். 'டேங்க் கிளீனர்' என்று சேர்த்துத் தருகிற கறுப்பு மீனை மட்டும் வாங்காதீர்கள்.

எத்தனை மீன்?

மீனின் எண்ணிக்கையைத் தொட்டியில் இருந்து கணக்கிடாதீர்கள், பாத்தியில் இருந்து தொடங்குங்கள். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2014-ல் வெளியிட்ட சிறு அளவு அக்வாபோனிக்ஸ் கையேடு, கீரைக்கு ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு ஒரு நாளைக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்கிறது. கத்தரி, தக்காளி, மிளகாய் போன்ற காய்க்கு 50 முதல் 80 கிராம்.

உங்கள் கீரைப் பாத்தி 2 சதுர மீட்டர் என்றால் தினம் 80 முதல் 100 கிராம் தீவனம். வளர்ந்த மீன் தினம் தன் எடையில் 100-க்கு ஒன்றரைப் பங்கு தின்னும் என்று வைத்தால், அந்தத் தீவனத்தைத் தின்ன 6 கிலோ மீன் போதும். 200 கிராம் ஜிலேபி என்றால் 30. 80 கிராம் பனையேறி என்றால் 75. அவ்வளவுதான். அதே கையேடு 1000 லிட்டருக்கு 10 முதல் 20 கிலோ வரை போகலாம் என்கிறது. நம்ம ஊர்க் கோடைக்கு 10 கிலோவைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. மேலே போட்ட ஆக்சிஜன் கணக்கை ஞாபகம் வையுங்கள்.

கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் சேராய்ப் பகுதியில் கூட்டுறவு வங்கி ஒன்றின் முயற்சியால் பல வீடுகளில் அக்வாபோனிக்ஸ் பரவியது. அங்கிருந்து வருகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதே நெருக்கத்தில் இங்கே விட ஆசைப்படுகிறார்கள். அது கடற்காற்றும் மழையும் உள்ள ஊர். நமக்குப் பின்னால் இருப்பது பகலெல்லாம் சூட்டைக் குடித்து ராத்திரி விடுகிற பாறை மலை.

மாதக் கணக்கு

நல்ல மீனைத் தேர்ந்தாலும் தப்பான மாதத்தில் விட்டால் பயன் இல்லை. பங்குனியில் தொடங்கினால் பாத்தியில் நுண்ணுயிர் பிடிப்பதற்குள் அக்னி நட்சத்திரம் வந்துவிடும். நான் வைத்திருக்கும் வரிசை இது:

வைகாசிக் கடைசி, ஆனி: தொட்டியில் தண்ணீர் விட்டு, மோட்டார் ஓட்டி, மீன் இல்லாமலே நுண்ணுயிர் பிடிக்க விடுவது. நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கி, நைட்ரேட் வந்த பிறகுதான் மீன்.

ஆடி: குஞ்சு விடுதல். பையோடு 20 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிறகு விடுங்கள்.

ஆவணி முதல் ஐப்பசி: நல்ல வளர்ச்சி. சூடும் தணிவு, மழைநீரும் கிடைக்கும்.

கார்த்திகை, மார்கழி: தீபத்துக்குப் பிறகு ராத்திரி குளிரும். மீன் குறைவாகத் தின்னும். மிச்சம் விழாத அளவுக்குத் தீவனத்தைக் குறையுங்கள்.

தை முதல் பங்குனி: பெரியதைப் பொறுக்கிப் பிடித்துக்கொண்டே வாருங்கள்.

சித்திரை: தொட்டியில் பாதி எடைக்கு மேல் இருக்கக் கூடாது.

அதாவது, வெயில் உச்சத்தில் இருக்கும்போது தொட்டியின் சுமை அடிமட்டத்தில் இருக்க வேண்டும். இந்த வரிசையை விட்டுவிட்டால் எந்த இனமும் காப்பாற்றாது.

இதோடு தொட்டியைப் பாதி மண்ணில் இறக்குங்கள், மேலே 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். பாத்திக்கும் சேர்த்துக் கட்டுங்கள். வெயிலில் காய்கிற ஜல்லி வழியாகப் பகலெல்லாம் தண்ணீர் ஓடினால், அந்தச் சூடு முழுக்கத் தொட்டிக்கு வந்து சேரும். மொட்டை மாடியில் போடுபவர்கள் இதை மறக்கவே கூடாது. வெயில் காலத்தில் தீவனத்தைக் காலையிலேயே போட்டு முடித்துவிடுங்கள். தின்ற பிறகுதான் மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும்.

பயிரும் சூட்டுக்கு ஏற்றதாக இருக்கட்டும். லெட்டூஸ் வேண்டாம். பொன்னாங்கண்ணி, வல்லாரை, தண்டுக்கீரை, புதினா, கத்தரி, மிளகாய் போதும்.

தீவனமும் இயற்கையும்

"அசோலா போட்டே வளர்க்கலாமே?" ஆசை நல்லது, கணக்கு ஒத்துழைக்காது. பச்சை அசோலாவில் பெரும்பகுதி தண்ணீர். 100 கிராம் குருணைத் தீவனத்தில் இருக்கிற புரதத்துக்குச் சுமார் 2 கிலோ பச்சை அசோலா வேண்டும். ஜிலேபிக்கு அசோலா நல்ல துணை உணவு. பனையேறிக்கு மண்புழு, கறையான், பிளாக் சோல்ஜர் ஈயின் புழு உயிர். மண்புழு உரக் குழி இருக்கிற வீட்டில் குருணைச் செலவைக் கணிசமாகக் குறைக்கலாம். முழுக்க நிறுத்திவிடலாம் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

ஒரு நன்மை சொல்ல வேண்டும். இந்தத் தொட்டி வைத்தவர் செடிக்குப் பூச்சிக்கொல்லி அடிக்கவே முடியாது. அடித்தால் மீன் செத்துவிடும். மீனுக்கு ஆன்டிபயாடிக் போடவும் முடியாது. போட்டால் நுண்ணுயிர் செத்துவிடும். வேப்பெண்ணெய்கூட மீனுக்கு ஆகாது, பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் இதை மண்ணுக்கு மாற்று என்று நினைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி மண் இல்லாமல் தண்ணீரில் வளர்ந்த பயிர் இயற்கை விளைபொருள் ஆகாது. நமக்கு இது வீட்டுக் கீரைக்கும் குழம்புக்குமான ஏற்பாடு. நிலம் இல்லாதவர், தண்ணீர் குறைந்தவர் செய்யலாம். நிலம் உள்ளவருக்கு நிலம்தான் முதல்.

ஏரிக்குப் போகக் கூடாது

கடைசியாகச் சொன்னாலும் இதுதான் பெரிய விஷயம். நம் தொட்டியில் மீன் செத்தால் நமக்கு நட்டம். நம் மீன் தப்பித்தால் ஊருக்கே நட்டம்.

1952-ல் கொண்டுவந்த ஜிலேபியை மேலும் பரப்பக் கூடாது என்று 1959லேயே தடை விதித்தார்கள். அதற்குள் அது பரவிவிட்டது. இன்று எந்த ஏரியில் வலை வீசினாலும் ஜிலேபி. அயிரையும் குறவையும் பனையேறியும் வந்த வலையில் இப்போது அவை எத்தனை வருகின்றன என்று மீன் குத்தகை எடுக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாரம்பரிய நெல்லைத் தேடித் தேடி மீட்கிற நாம், பாரம்பரிய மீனை அழிக்கிற வேலைக்குத் துணை போகக் கூடாது.

ஐப்பசி மழையில் தொட்டி நிரம்பி வழிந்து, வாய்க்கால் வழியாக ஏரிக்குப் போகும். எனவே வழிவாய்க்கு இரண்டு அடுக்கு வலை கட்டுங்கள். வழிந்த தண்ணீர் தெருவுக்குப் போகாமல் வாழைக்கோ தென்னைக்கோ பாயட்டும். வளர்க்க முடியவில்லை என்று மீனை ஏரியிலோ கிணற்றிலோ, புண்ணியம் என்று கோயில் குளத்திலோ விடாதீர்கள். வேண்டியவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

எதை வாங்குவது?

முதல் முறை செய்பவர், அடிக்கடி கரண்ட் போகிற ஊர், ஏரிக்கு அருகில் வீடு: பனையேறி.

அனுமதி வாங்கி, வலை கட்டி, எடையும் வேண்டும் என்பவர்: கிஃப்ட் திலாப்பியா.

மீன் சாப்பிடாத வீடு: கொய் கார்ப் அல்லது கப்பி.

பண்ணைக்குட்டை உள்ளவர்: விரால், ரோகு, கட்லா எல்லாம் அங்கே.

குஞ்சு வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். 150, 200 ரூபாய்க்குள் கிடைக்கிற தண்ணீர் வெப்பமானி ஒன்றும், பி.எச். பார்க்கும் தாளும் வாங்குங்கள். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஏழு நாள், காலை ஆறு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் அளந்து நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு குஞ்சுப் பண்ணைக்குப் போங்கள். மாலைச் சூடு 34-ஐத் தாண்டினால் முதலில் நிழல்வலை வாங்க வேண்டும், மீன் அதற்குப் பிறகு.